நீக்கிவிட்டேன்

கரண்டி தட்டின் விளிம்பில் லேசாகத்தான் பட்டது. அதற்கே மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள். யாரோ ஓங்கி அறைந்ததுபோல முகம் சுருங்கிவிட்டது. எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவர், "என்னம்மா, என்னாச்சு?" என்று கேட்டார். அவள் அவர் வாயையே பார்த்தாள். "நீங்க பேசுறது ஒண்ணும் புரியலீங்க. புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்து மாதிரி வருது. பாத்திரச் சத்தம் மட்டும் நேரா மண்டைக்குள்ள வந்து விழுது" என்றாள். காது மிஷின்கள் இரண்டையும் கழற்றி, துணியில் துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தாள். "நேத்து சார்ஜ் டப்பாவுல வைக்க மறந்துட்டேன். சார்ஜ் சுத்தமா இறங்கிப் போயிருந்துச்சு. காலையிலதான் ஏத்தினேன். அதனாலயா இருக்கும்?"

கண்ணாடிக்காரருக்கு சார்ஜ் இறங்கியது மட்டும் காரணமாக இருக்காது என்று அந்த நிமிடமே தோன்றிவிட்டது. தோன்றியதை வாய்விட்டுச் சொல்லவில்லை. இது அவர் வாழ்க்கையில் அபூர்வமான சம்பவம் என்பதைச் சொல்லியாக வேண்டும். மனதில் தோன்றுவதற்கும் வாயில் வருவதற்கும் நடுவே இடைவெளி விட்டுப் பழகிய மனிதர் இல்லை அவர்.

அவர் கடையில் கண் சோதித்துக்கொண்டவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். முகவாயைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டிக்கொண்டு, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு ஜீவனுக்கு எதிராக அவர் உலக அரசியலை அவிழ்த்து விடுவார். "இது தெளிவா இருக்கா, இதுவா? ரெண்டாவதா? சரி. நேத்து அந்த நாட்டு அதிபர் பேசினதைக் கேட்டீங்களா? அயோக்கியத்தனம் சார். இப்ப இது?" தப்பித்து ஓட வழி கிடையாது. எழுத்துப் பலகையின் கடைசி வரியை எட்டுவதற்குள் இரண்டு கண்டங்களின் எல்லைத் தகராறைத் தீர்த்து வைத்திருப்பார். எந்த நாட்டு போன் நாம் பேசுவதை ஒட்டுக்கேட்கிறது, எந்த நாட்டு டிவி வீட்டுக்குள் நடப்பதை எட்டிப் பார்க்கிறது, எந்தக் கம்பெனி பேட்டரியை வேண்டுமென்றே சாகடிக்கிறது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. கேட்டவர்கள் தலையாட்டவும் முடியாது, சோதனை கெட்டுவிடும். ஆகையால் தன் கருத்துக்கு மறுப்பே இல்லை என்று பல வருடங்களாக அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

அதற்காக அவரைச் சும்மா வாய்ச்சவடால் என்று தள்ளிவிடக் கூடாது. மூன்று மாதத்துக்கு முன் ஒரு பெரிய நாடு தன் பக்கத்துச் சின்ன நாட்டுக்குள் படையோடு நுழைந்தது. அங்கே இடிந்துபோன ஓர் ஆஸ்பத்திரியின் படம் அவர் போனுக்கு வந்தது. வரிசையாகத் தொட்டில்கள், எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்புத் தூசி. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. மனைவி காரணம் கேட்டதற்குப் படத்தைக் காட்டினார். அவள் ஒரு நொடி பார்த்துவிட்டு, "இதையெல்லாம் எனக்குக் காட்டாதீங்க" என்று எழுந்து போய்விட்டாள். ஏதாவது செய்தாக வேண்டும் என்று அவருக்குக் கை துடித்தது. என்ன செய்வது? அவரிடம் இருந்தது ஒரு கண்ணாடிக் கடை, ஒரு போன், அந்தப் போனில் 'உலக நடப்பு' என்று ஒரு குழு. அதில் நாற்பத்திரண்டு பேர்.

கடைசியில் அரசாங்கமே முன்வந்து, பதினைந்தாம் தேதியிலிருந்து அந்தப் பெரிய நாட்டின் செயலிகளுக்கும் இணையச் சேவைகளுக்கும் தடை என்று அறிவித்தது. குழுவில் ஒரே ஆரவாரம். அரசாங்கம் நீக்குவதற்கு முன் நாமே நீக்கிக் காட்ட வேண்டும், அதுதான் மானம் என்று எழுதியவர் நம்முடைய கண்ணாடிக்காரர்தான். நீக்கியதைப் படம் பிடித்து, கீழே 'நீக்கிவிட்டேன்' என்று ஒரே ஒரு வார்த்தை போட வேண்டும் என்பதும் அவர் யோசனை. டயர்கடைக்காரர் பதினோரு செயலிகளை நீக்கிப் படம் போட்டார். கண்ணாடிக்காரர் தன் போனைத் துழாவினால் தேறியது மூன்று: ஒரு டார்ச் லைட், ஒரு சீட்டு விளையாட்டு, மழை வருமா என்று சொல்லும் ஒன்று. முன்மொழிந்தவன் மூன்றோடு நிற்பதா? அவருக்கு அவமானமாக இருந்தது.

அது பதினாலாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. மனைவி குளிக்கப் போயிருந்தாள். அவள் போன் மேஜை மேல் இருந்தது. எடுத்துப் பார்த்தார். முகத்தை அழகாக்கும் செயலி ஒன்று, யாரோ ஏற்றிக் கொடுத்து அவள் ஒருநாளும் திறக்காதது. நீக்கினார். அடுத்து, காது மிஷினுக்கான செயலி, அதுவும் அந்த நாட்டுக் கம்பெனியுடையது. அவர் விரல் கொஞ்சம் நின்றது. நிற்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவர் தன் தொழிலை வைத்து யோசித்தார். ஒருவருடைய பவருக்கு லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்திவிட்டால் முடிந்தது கதை. அதற்கப்புறம் சோதித்த சீட்டைக் கிழித்துப் போட்டாலும் கண்ணாடி கண்ணாடிதான். காது மிஷினும் அப்படித்தானே? டெஸ்ட் பண்ணி, அளவு வைத்துக் கொடுத்தாயிற்று. இந்தச் செயலி பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று காட்டிக்கொண்டு சும்மா குந்தியிருக்கிறது. 'இத்துடன் சேமித்த தகவல்களும் அழியும். தொடரவா?' என்று போன் கேட்டது. தொடர் என்றார். ஐந்து ஆயிற்று. படம் போட்டார். முப்பத்தெட்டு பேர் கைதட்டினார்கள். அன்று முழுக்க அவருக்குத் தரையில் கால் பாவவில்லை.

நான்கு நாள் மிஷின் ஒழுங்காக ஓடியது. பார்த்தாயா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இப்போது, ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை, கரண்டிச் சத்தத்தில் எல்லாம் வெளியே வந்தது.

மனைவி குளியலறைக்குள் போனதும் அவள் போனை எடுத்து, செயலிக் கடையில் தேடினார். பழைய பெயர், பழைய நீலப் படம், அப்படியே இருந்தது. அழுத்தினார். 'இந்தச் செயலி உங்கள் பகுதியில் கிடைக்காது.' மறுபடி அழுத்தினார். போனை அணைத்து உயிர்ப்பித்து அழுத்தினார். யார் வீட்டுக் கதவையோ தட்டுவதுபோல ஏழெட்டு முறை அழுத்தினார். அதே வரி. அவளிடம், "தடை வந்திருக்கில்ல, அதனால இருக்கும். நாளைக்கு டெஸ்ட் பண்ண இடத்துக்கே போய்க் கேப்போம்" என்று சத்தமாக, கையையும் ஆட்டிச் சொன்னார். சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

"சரி, நான் வேலைக்குப் போயிட்டு வந்துடறேன். இன்னைக்கு ஒருநாள்தானே, சமாளிச்சுக்கறேன்" என்று அவள் கிளம்பினாள்.

அவள் வேலை செய்தது ஒரு குழந்தைகள் காப்பகத்தில். அலுவலகம் போகும் தாய் தகப்பன்மார் கைக்குழந்தைகளைக் காலையில் விட்டு மாலையில் எடுத்துப்போகும் இடம். மதியத் தூக்க அறை அவள் பொறுப்பு. பதினாறு தொட்டில்கள், திரை போட்ட ஜன்னல், ஒரு நாற்காலி. பேசத் தெரிந்த பிள்ளைகள் அவளைத் 'தூங்கத்தை' என்று கூப்பிடுவார்கள். வாய்க்கு வராத 'தூங்க வைக்கிற அத்தை'யின் சுருக்கம் அது. இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்குக் காது மெல்ல மெல்லத் திரை போட ஆரம்பித்தது. கனத்த சத்தம் கேட்கும். மெல்லிய சத்தங்கள், குழந்தைக் குரல் எல்லாம் எங்கேயோ போய்விடும். வேலை போய்விடுமோ என்று உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தவளுக்கு இந்த மிஷின் வந்தது. மாட்டிக்கொண்டு போன முதல் நாள் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னாள்: "அந்தக் குட்டி தூக்கத்துல விரல் சப்புற சத்தம் கேக்குதுங்க எனக்கு! சப்பு சப்புன்னு!" சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதைப் பார்த்து அவரும்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று மதியம் மூன்று மணிக்கே அவள் திரும்பி வந்து, கடையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள். முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் பாதி புரிந்துவிட்டது. ஒரு வயதுப் பெண் குழந்தை, தொட்டில் கம்பிக்கு நடுவே முழங்கை சிக்கி அழுதிருக்கிறது. அழுதது பத்து நிமிடமா கால் மணி நேரமா, யாருக்கும் தெரியாது. இவள் நாலடி தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு போர்வைகளை மடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். காப்பகத்துத் தலைவியம்மா தன் அறையிலிருந்து ஓடிவந்துதான் தூக்கியிருக்கிறாள். "கை நல்லா கன்னிப்போச்சுங்க. எலும்புக்கு ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அது என்னையப் பார்த்துக் கையை நீட்டுச்சுங்க, தூக்கச் சொல்லி. எனக்குத் தூக்க தைரியம் வரல." தலைவியம்மா நல்லவள்தான். திட்டவில்லை. மிஷின் சரியாகிற வரைக்கும் வீட்டில் இருங்கள், மாதக் கடைசி வரை வேறு ஆள் போடாமல் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். மாதக் கடைசிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

மறுநாள் காது டெஸ்ட் செய்த இடத்துக்குப் போனார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் மிஷினைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "இதுல இவங்களோட அளவு எதுவுமே இல்லீங்களே. கம்பெனியிலேர்ந்து வந்தப்ப இருந்த மாதிரி நிக்குது. சார்ஜ் முழுசா இறங்கினா, திரும்பவும் போன்ல இருக்கிற ஆப்லேர்ந்துதான் அளவை எடுத்துக்கும். நான் வைக்கணும்னாலும் அவங்க சர்வர் வழியாத்தான் வைக்கணும். அது இப்ப இங்க திறக்கல."

"அப்ப எல்லாருக்கும் இதே கதிதானா?" என்று கேட்டார். அப்படியே இருந்துவிட்டால் நன்றாயிருக்குமே என்று அவர் மனம் வேண்டிக்கொண்டது. இதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது.

"இல்லீங்க சார். தடைக்கு முன்னாடியே போன்ல ஆப் இருந்தவங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. அது பாட்டுக்கு ஓடுது. என்கிட்ட மட்டும் முப்பது பேர் இருக்காங்க, எல்லாருக்கும் சொல்லிட்டேன், தப்பித்தவறியும் அழிச்சிடாதீங்கன்னு. உங்களுக்கும் மெசேஜ் போட்டேனே? எப்படிப் போச்சு?"

மனைவி பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்கவில்லை. அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "தெரியலைங்க. ஏதோ அப்டேட்ல போயிருக்கும்" என்றார்.

"அப்டேட்ல போகாதே" என்று அந்தப் பெண் முணுமுணுத்தாள். வேறு கம்பெனி மிஷின் கேட்டால், இப்போது எல்லோரும் அதற்கே ஓடுவதால் கைக்கு வர மூன்று மாதம் ஆகும் என்றாள். பெயரை எழுதிக்கொண்டாள். வெளியே வந்து தெருவில் நடக்கும்போது மனைவி, "என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். அவர் ஒரு சீட்டில், 'தடையால் நின்றுவிட்டது. புதுசு மூன்று மாதம்' என்று எழுதிக் காட்டினார். அவள் படித்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க ஏங்க இப்படி வாடிப்போறீங்க? எங்கயோ ரெண்டு பேரு அடிச்சுக்கிட்டா அதுக்கு நாம என்ன பண்ண முடியும்?" என்றாள். அந்தக் கையை விடவும் முடியாமல் பிடித்துக்கொள்ளவும் முடியாமல் பேருந்து நிறுத்தம் வரை நடந்தார்.

அடுத்த சில நாட்களில் அவர் செய்யாத கூத்து இல்லை. கம்பெனியின் இணையதளத்தைக் குறுக்குவழியில் திறந்து முறையிட்டார். அங்கே பதில் சொன்னது ஒரு ரோபோ. 'உங்கள் பகுதியில் எங்கள் சேவை நிறுத்தப்பட்டுள்ளது. சிரமத்துக்கு வருந்துகிறோம். இந்தப் பதில் உதவியாக இருந்ததா?' இல்லை என்று அழுத்தினார். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று வந்தது. அரசாங்கத்துக்கு மனு அனுப்பினார். உங்கள் மனு பெறப்பட்டது என்ற பதிலோடு அது படுத்துக்கொண்டது. கடைசியில் வெட்கத்தை விட்டு, டயர்கடைக்காரரின் கடைக்கே போய், அழித்த செயலியைத் திரும்ப எடுக்க ஏதாவது வழி தெரியுமா, ஒரு நண்பர் கேட்கிறார் என்றார். டயர்கடைக்காரர் சிரித்தார். "யாருங்க அந்த ஏமாளி? நான் அழிச்சுப் படம் போட்டுட்டு அன்னைக்கே எல்லாத்தையும் திரும்ப இறக்கிட்டேன். வீடு பெருக்குற மிஷின் ஓட வேணாமா? நாம அழிச்சாத்தான் அவன் போரை நிறுத்தப் போறானா?"

கண்ணாடிக்காரருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனால் யார் மேல் கோபப்படுவது? அந்தப் பெரிய நாடு செய்தது அநியாயம் என்று அவர் இப்போதும் நினைத்தார். தடை போட்டது சரி என்றும் நினைத்தார். கம்பெனிக்காரன் போர் தொடுக்கவில்லை. டெஸ்ட் பண்ணிய பெண் எச்சரித்திருந்தாள். அந்த மெசேஜ் மனைவியின் போனில் இன்னும் திறக்கப்படாமல் கிடந்தது, தேதி பதிமூன்று. எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் விரல் அவரிடமே வந்து நின்றது. குழுவில் அந்த வாரம் அவர் ஒன்றும் எழுதவில்லை. உடம்பு சரியில்லையா என்று இரண்டு பேர் விசாரித்தார்கள்.

வீட்டில் பேச்சு நின்றுபோனதைப் பார்த்துவிட்டு, மனைவியின் தம்பி சனிக்கிழமை வந்து அக்காவின் போனில் வேறொரு செயலியை ஏற்றிக் கொடுத்தான். எதிரே பேசுவதைக் கேட்டு, அப்படியே பெரிய எழுத்தில் திரையில் எழுதிக் காட்டும். "மாமா, நீங்க சாதாரணமாப் பேசுங்க, போதும். அக்கா படிச்சுக்குவா" என்றான். குண்டூசி வாங்கினால்கூட எந்த நாட்டுச் சரக்கு என்று திருப்பிப் பார்க்கும் மனிதர், இது எந்த நாட்டுச் செயலி என்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டு மேஜையில், தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்த போனை நடுவே வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். காப்பகத்துத் தலைவியம்மாவிடமிருந்து செய்தி வந்திருந்தது. ஒன்றாம் தேதியிலிருந்து தூக்க அறைக்கு வேறு ஒரு பெண் வருகிறாள். மன்னித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மனைவி அதை இரண்டு தரம் படித்தாள். அழவில்லை. மேஜை விரிப்பில் ஒரு சுருக்கத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள்.

"எனக்குக் கோவம் கோவமா வருதுங்க. யாரையாவது பிடிச்சு நல்லாத் திட்டணும் போல இருக்கு. யாரைத் திட்டுறதுன்னுதான் தெரியல. அந்த நாட்டுக்காரனையா, நம்மாளுங்களையா, அந்தக் கம்பெனியையா? உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியுமே. நீங்க சொல்லுங்க, நான் யாரைத் திட்டட்டும்?"

இத்தனை வருடத்தில் அவள் அவரிடம் கருத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. மற்றவர்கள் கேட்காமலேயே சொல்லிப் பழகியவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு, தனக்கே கேட்காத குரலில், "என்னைத் திட்டு" என்றார்.

திரையில் எழுத்து வந்தது. என்னைத் திட்டு. அவள் படித்துவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். "உங்களை எதுக்கு?"

"நான்தான் அழிச்சேன். தடை இல்ல. தடைக்கு முந்தின நாளு. நீ குளிக்கப் போயிருந்தப்ப. எல்லாரும் படம் போட்டாங்க, எனக்கு மூணுதான் இருந்துச்சு. உன் போன்ல இருந்ததை எடுத்தேன். வச்சிருந்தவங்களுக்கு இன்னும் ஓடுதாம்."

எழுத்துகள் நிதானமாக, பிழையில்லாமல், கறுப்பாக வந்து நின்றன. அவள் முன்னால் குனிந்து படித்தாள். கடைசி வரியை விரலால் தொட்டுக் கொஞ்சம் மேலே தள்ளி, முதலிலிருந்து மறுபடி படித்தாள்.

"என் போன்லயா?" என்றாள்.

"ஆமா."

"என்னைக் கேக்காமலா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அவள் இரண்டு மிஷின்களையும் ஒவ்வொன்றாகக் காதிலிருந்து எடுத்தாள். டப்பாவில் அவற்றுக்கான குழியில் பதித்து மூடினாள். டப்பாவை மேஜை மேல் அவர் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு, நாற்காலியை ஜன்னலை நோக்கித் திருப்பி உட்கார்ந்துகொண்டாள். எதிர்க் கட்டட மாடியில் யாரோ துணி உதறிக்கொண்டிருந்தார்கள்.

"அது பேட்டரி பாக்குற ஆப்னுதான்மா நெனச்சேன்" என்று ஆரம்பித்தார். அந்தத் தொட்டில் படத்தைப் பார்த்ததிலிருந்து தூக்கம் போனதைச் சொன்னார். ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது, செய்வதற்கு வேறு எதுவும் கையில் இல்லை என்றார். டெஸ்ட் பண்ண இடத்தில் பொய் சொன்னதைச் சொன்னார். மன்னிச்சிடு என்றார். இந்தப் பக்கம் திரும்பு, ஒரே ஒரு தடவை படி என்றார். அவர் பேசப் பேச, பாட்டிலில் சாய்ந்திருந்த போன் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டு போயிற்று. ஒவ்வொரு வரியாகக் கீழே பிறந்து, மேலே ஏறி, திரையைத் தாண்டி மறைந்தது. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பேசிக்கொண்டே இருந்தார்.